எலிசியம் நகரத்துப் பாலம்

ஏழாம் அத்தியாயம்

சூரியன் சாயும் வேளையில் அன்டோன் வெசெலி என்னும் படகோட்டியைத் தூக்கிலிடுவதென்று டன்பரோ நகரக் குடியேறிகள் சங்கம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. விசாரணை ஒன்றுதான் மிச்சம். அது வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நடைபெறும். நெப்ராஸ்காவின் இந்த மூலைக்கு அரசாங்க நீதிபதி வந்து சேர இன்னும் ஆறு வாரங்கள் ஆகும். கயிறு உடனே கிடைக்கும்.

அவன் மீது சாட்டப்பட்ட குற்றம் குதிரைத் திருட்டு. சாட்டியவர் கர்னல் லைசாண்டர் புரூயிட். எந்தப் படையில் அவர் கர்னலாக விளங்கினார் என்று எவரும் வினவியதில்லை. எலிசியம் நகரக் கம்பெனியின் தலைவர் என்ற ஒரு தகுதியே ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டாம் ஆண்டின் வசந்தத்தில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை விடிவதற்குள், படகோட்டிக்காக வாதாட ஒப்புக்கொண்டிருந்த லவினியா டிராஸ்க் அம்மையார் தம் வண்டியை எலிசியம் நகரை நோக்கித் திருப்பியிருந்தார். அவர் ஒரு நில அளவையாளரின் விதவை. பதினான்கு ஆண்டுகள் கணவருடன் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து நடந்தவர். கணவர் மறைந்தபின் பொய்ப் பட்டாக்களையும் பொய் மனிதர்களையும் அளப்பதைத் தொழிலாகக் கொண்டார். அருகில் அமர்ந்திருந்த பார்னி காயில், நீராவிக் கப்பலில் சமையல்காரனாக இருந்து, சமையலுக்காக அன்றி வாய்க்காக வேலை இழந்தவன். அவன் முழங்கால்கள் மீது எலிசியம் நகரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது.

அது சாதாரணப் படமன்று. செயின்ட் லூயிஸ் நகரில் நான்கு வண்ணங்களில் அச்சிடப்பட்டது. ஆற்றில் மூன்று நீராவிக் கப்பல்கள் புகை கக்கின. ஐந்து தேவாலயங்கள், ஓர் இசை நாடக அரங்கு, கோபுரத்துடன் கூடிய ஒரு பல்கலைக்கழகம் ஆகியவை அதில் ஓங்கி நின்றன. ஆற்றின் குறுக்கே ஒரு கற்பாலமும் இருந்தது.

"ஏழு வளைவு, முதலாளியம்மா. ரெண்டு தடவை எண்ணிட்டேன்," என்றான் பார்னி. "பாலத்து மேல ஒரு சாரட்டு. அதுல ரெண்டு சீமாட்டிங்க, கையில ஆளுக்கொரு குடை. வெயில் ஏறிடுமேன்னு அவங்களுக்காகக் கவலைப்பட்டிருக்கான் பாருங்க, படம் போட்டவன்."

"குடையை விடு. வழக்கைச் சொல்லு. சொல்லிச் சொல்லிப் பாத்தாத்தான் ஓட்டை தெரியும்."

"திங்கட்கிழமை காலையில எட்டு மணி. கர்னலோட பெட்டைக் குதிரை கிழக்குக் கரையில, எலிசியத்துல நின்னுச்சு. அன்டோன் மேற்குக் கரையில இருந்தான். பாதிரியார் கில் வீட்டுப் பசு ராத்திரி பூரா கன்னு போட முடியாம தவிச்சிருக்கு, இவன்தான் கூட இருந்து பாத்திருக்கான். காலைல ஏழு மணிக்குத்தான் அங்கேயிருந்து கிளம்பினான்னு பாதிரியாரே சத்தியம் பண்றாரு."

"நடுவுல?"

"ஹெரன் ஆறு. பனி உருகி வெள்ளம். படகுக் கயிறு ஞாயித்துக்கிழமையே அறுந்துபோச்சு. படகு மேற்குக் கரையில குப்புறக் கிடக்குது. வடக்கே வேற துறையைச் சுத்தி வந்தா முழுசா ஒரு நாள் ஆகும், அன்டோனும் பாதிரியாரும் டன்பரோவுக்கு அப்படித்தான் வந்து சேந்தாங்க."

"அப்ப கர்னல் சொல்றபடி அவன் எப்படி இந்தப் பக்கம் வந்து குதிரையை ஓட்டிட்டுப் போனான்?"

"பாலத்து வழியா."

"பாலம் இருந்தா அவன் திருடன். இல்லேன்னா?"

"இல்லேன்னா அவன் நல்லவன், கர்னல் பொய்யன், டன்பரோவுல எல்லாரும் ஏமாந்த சோணகிரி," என்றான் பார்னி. "இதுல எது நடக்காதுன்னு நான் வேற சொல்லணுமா?"

அவன் கூற்றில் நியாயம் இருந்தது. பாலமே இல்லை என்று பாதிரியார் கில் புதன்கிழமை சங்கத்தின் முன் எடுத்துரைத்தபோது பன்னிரண்டு ஜூரிகளும் சிரித்தனர். அந்தப் பன்னிருவரும் எலிசியத்தில் மனை வாங்கியவர்கள். பாதிரியாருக்கோ அங்கே ஒரு மனையும் இல்லை. மனை இல்லாதவனின் பேச்சு பொறாமை என்பது டன்பரோவில் நிறுவப்பட்ட உண்மை. குளிர்காலத்தில் வழியெங்கும் பனி மூடிக் கிடந்தபோது அவர்கள் படத்தைப் பார்த்து வாங்கினார்கள். பனி உருகிய பின்னரும், பதினைந்து மைல் தொலைவே ஆயினும், ஒருவரும் போய்ப் பார்த்தாரில்லை. போய்ப் பார்ப்பவன் சந்தேகப்படுகிறான். சந்தேகப்படுபவன் விலையைக் குறைக்கிறான். ஆகவே தன் மனையைத் தன் கண்ணால் காணாதிருத்தல் அவ்வூரில் நற்குடிமகனின் இலக்கணமாகக் கருதப்பட்டது.

ஒன்பது மணிக்கு வண்டி நின்றது. நாற்புறமும் சென்ற ஆண்டின் காய்ந்த புல். புல்லுக்கிடையே எண் எழுதிய முளைக்குச்சிகள், வரிசை வரிசையாக, அடக்கம் செய்யப்பட்டவர் எவருமில்லாத ஒரு கல்லறைத் தோட்டம்போல் நின்றன.

"இப்ப எங்க நிக்கிறோம்?" என்று லவினியா கேட்டார்.

பார்னி படத்தைத் திருப்பிப் பார்த்தான். "இசை நாடக அரங்கத்துல. மூணாவது வரிசை நாற்காலி மேல வண்டிச் சக்கரம் ஏறி நிக்குது."

சற்றுத் தொலைவில் புல்வெளிக் கோழிச் சேவல்கள் ஆறேழு, கழுத்துப் பையை உப்பவைத்து, காலைத் தரையில் தட்டித் தட்டி முழங்கிக்கொண்டிருந்தன. பெட்டைகள் அவற்றைப் பாராமல் புல்லைக் கிளறின.

"நாடகம் ஆரம்பிச்சுட்டாங்க," என்றான் பார்னி. "பாட்டு பரவாயில்ல. டிக்கெட் வாங்கினவங்களைத்தான் காணோம்."

பல்கலைக்கழகம் இருந்திருக்க வேண்டிய, முழங்கால் உயரமே இருந்த மேட்டில் ஒரு தரை அணில் வளையிலிருந்து தலையை நீட்டி, இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

"துணைவேந்தர். நமக்கெல்லாம் இடம் கொடுக்க மாட்டாராம்."

படத்தில் 'மெட்ரோபாலிடன் ஓட்டல், இரண்டு மாடி' என்று குறிக்கப்பட்டிருந்த இடத்தில் மட்டும் உண்மையாகவே ஒரு கட்டடம் இருந்தது. பலகைச் சுவர், கித்தான் கூரை, முன்புறம் ஒரு சிறிய தாழ்வாரம், தாழ்வாரத்தில் ஒரே ஒரு நாற்காலி. உள்ளே டார்கஸ் ஃபென் என்ற பெண்மணி சோள மாவு அடையை உப்புப் பன்றிக் கொழுப்பில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ரூம் வேணுங்களா?"

"எத்தனை ரூம் இருக்கு?" என்றான் பார்னி.

"நீங்க நிக்கிறது."

லவினியா சுற்றி வளைக்கவில்லை. "திங்கட்கிழமை காலையில கர்னல் இங்க இருந்தாராம்மா?"

"இருந்தாரே. வெளியில, அந்த நாற்காலியிலதான். காபி நல்லா இல்லேன்னு சொல்லிக்கிட்டே மூணு கோப்பை குடிச்சாரு."

"படகுக்கார அன்டோனுக்கும் அவருக்கும் ஏதாவது தகராறா?"

டார்கஸ் அடையைத் திருப்பிப் போட்டாள். "தகராறுன்னு சொல்ல முடியாது. படகை எடுத்துக்கிட்டு வேற ஊரு பாருடான்னு மூணு தடவை சொல்லிப் பாத்தாரு. அவன் கேக்கல. ஒஹாயோவுலேருந்து இருபது குடும்பம் அடுத்த வாரம் கப்பல்ல வருதுங்க. பாலம் இருக்கிற ஊர்ல ஒருத்தன் கரையில நின்னு, 'அக்கரைக்கு யாரு, அக்கரைக்கு யாரு'ன்னு கூவினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாலம்தான் இல்லையேம்மா."

"அதைத்தானே நினைப்பாங்க?" என்றாள் டார்கஸ்.

பார்னி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஒரு மனிதனைத் தூக்கிலிட வேண்டிய காரணம் அவ்வளவு எளிமையாக, அடையின் மணத்தோடு கலந்து அவன் முன் வைக்கப்பட்டது. படகோட்டி உயிருடன் நடமாடும் வரையில் அந்தக் கற்பாலம் பொய். அவன் தொங்கிய மறுகணம் அது மெய்.

"இதையே டன்பரோவுல வந்து சொல்றீங்களா?" என்று லவினியா கேட்டார்.

"என் வீட்டுக்காரர் பேர்ல பதினோரு மனை இருக்குங்க," என்றாள் டார்கஸ் மிகுந்த பணிவுடன். "அடைக்குக் கொஞ்சம் பாகு ஊத்தட்டுமா?"

லவினியா வெளியே வந்து கர்னலின் நாற்காலியில் அமர்ந்தார். முன்னால் புல் சரிந்து சென்று ஆற்றில் முடிந்தது. ஆறு கலங்கிய பழுப்பு நிறத்தில் ஓடியது. அக்கரையில் அன்டோனின் படகு குப்புறக் கிடந்தது.

"எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க," என்றான் பார்னி, தட்டும் கையுமாகப் பின்னால் வந்து. "பாலம்னு ஒண்ணு இருந்திருந்தா, இங்கேயிருந்தே ஏழு வளைவையும் எண்ணிடலாம். நடுவுல மறைக்க ஒரு புதர்கூட இல்ல."

லவினியா கையை நீட்டினார். "படத்தைக் குடு."

படத்தை மடியில் விரித்துத் தம் தொப்பியிலிருந்த நீண்ட ஊசியை உருவி அதன்மீது வைத்தார். ஊசியின் ஒரு முனை ஓட்டலில் இருந்தது, மறுமுனை பாலத்தில். நெடுநேரம் அதையே பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை எழுந்தது. அதில் கருணை சிறிதும் இல்லை.

"கிளம்பு, பார்னி."

"அத்தாட்சி?"

"கையில இருக்கு."

"அது கர்னல் போட்ட படமாச்சே. நம்மாளைத் தூக்குல போடறதே அதுதான்."

"பாலம் இல்லேன்னு நான் போய்ச் சொன்னா பன்னிரண்டு பேர் ஒரே மூச்சுல ஓட்டாண்டி ஆயிடுவாங்க. அப்ப யாரைத் தூக்குல போடுவாங்க?"

பார்னி சற்று யோசித்தான். "முதல்ல அன்டோனை. பொழுது இருந்தா நம்மளையும்."

"அதனாலதான் நான் அப்படிச் சொல்லப் போறதில்ல."

மளிகைக் கடையின் மாடியில் விசாரணை கூடிற்று. தலைமை வகித்தவர் மாவு ஆலைக்காரர் ஹோசியா டட்டில். அவரிடமும் நான்கு மனைகள் இருந்தன. ஜூரிகள் பன்னிருவரும் ஆணிப் பீப்பாய்களின் மீது அமர்ந்திருந்தனர். அன்டோன் வெசெலி கைகள் கட்டப்பட்டு அடுப்பருகே நின்றான். பொஹீமிய நாட்டவனாதலால் நடப்பதில் பாதிதான் அவனுக்கு விளங்கியது. சன்னலுக்கு வெளியே இருந்த மரமும் கிளையில் வீசப்பட்டிருந்த கயிறும் முழுவதுமே விளங்கின. அவன் அருகில் பாதிரியார் கில் கண்ணை மூடி நின்றார்.

கர்னல் சாட்சி சொன்னார். அவருடைய பேச்சும் அவருடைய படத்தைப்போலவே நான்கு வண்ணங்களில் அமைந்தது.

"திங்கட்கிழமை காலை எட்டு மணி. மெட்ரோபாலிடன் ஓட்டலின் முன்தாழ்வாரத்தில் அமர்ந்து காபி அருந்திக்கொண்டிருந்தேன். இதோ நிற்கும் இந்த நன்றிகெட்டவன் என் குதிரையைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்து மேற்கே போவதை என் இரண்டு கண்களாலும் கண்டேன்."

"ஏதாவது கேக்கணுமா, டிராஸ்க் அம்மா?" என்றார் டட்டில், சன்னல் வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

லவினியா எழுந்தார். "கேக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. எலிசியத்துல பாலம் இருக்குன்னு நான் ஒத்துக்கறேன்."

பாதிரியார் கண்ணைத் திறந்தார். பார்னியின் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. ஜூரிகளிடையே ஒரு பெருமூச்சு பரவியது. 'புத்தியுள்ள பொம்பளை' என்று ஒருவர் மற்றவரிடம் கூறினார். கர்னல் தலை வணங்கினார்.

"பாலம் மட்டுமா, படம் பூராவும் உண்மைதானே, கர்னல்?"

"கோட்டுக்குக் கோடு, அம்மையீர். என் மானத்தின் மீது ஆணை."

"அதுக்கு மேல என்ன வேணும்," என்ற லவினியா, முன்வரிசைப் பீப்பாயில் இருந்த சேணத் தொழிலாளி எபனேசர் ஸ்ட்ரவுட்டைப் பார்த்தார். "ஸ்ட்ரவுட், கொஞ்சம் வாங்க. இந்தாங்க ஊசி. ஒரு முனையை ஓட்டல் தாழ்வாரத்துல வைங்க. இன்னொரு முனை பாலத்துல. சரியா இருக்கா? இப்ப ஊசிக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படிங்க."

ஸ்ட்ரவுட் குனிந்தார். "எலிசியம் பல்கலைக்கழகம்."

"எத்தனை மாடி?"

"நாலு. மேல கோபுரம் வேற."

"என்ன கட்டடம்?"

"கல்லு." அவர் குரலில் பெருமை தொனித்தது. "என் மூணு மனையும் அதோட தெற்குச் சுவரை ஒட்டி."

லவினியா கர்னலிடம் திரும்பினார். "கீழ்த் தாழ்வாரத்துல உக்காந்துக்கிட்டு, நாலு மாடிக் கல் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் நடந்து போறவனை எப்படிப் பாத்தீங்க, கர்னல்?"

அடுப்பில் விறகு வெடித்தது. கர்னல் கைக்குட்டையை எடுத்தார்.

"கட்டடம் இன்னும் முழுமை எய்தவில்லை, அம்மையீர். கோபுரம் பாக்கி."

"கோபுரம் போனாலும் நாலு மாடி நிக்குதே."

"மேல் இரண்டு மாடிகளும் சற்றே தாமதம்."

"கிறிஸ்துமஸுக்கே கூரை போட்டாச்சுன்னு சொன்னீங்க," என்றார் ஸ்ட்ரவுட்.

"கூரை வந்துவிட்டது, ஸ்ட்ரவுட்."

"சுவரு?"

"அதுவும்தான். ஒரு மாடி அளவுக்கு."

"சுவரு ஒரு மாடி, அதுக்கு மேல நாலாவது மாடிக் கூரையா?" என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு கொல்லர்.

"நாற்காலியில உக்காந்தா கண்ணு தரையிலேருந்து நாலடி உயரம்," என்றார் லவினியா அமைதியாக. "ஒரு மாடி இருந்தாலும் மறைக்கும்."

"அந்த ஒரு மாடியும்கூட…" என்று தொடங்கிய கர்னல் ஸ்ட்ரவுட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"விட்டா அஸ்திவாரத்தையும் தோண்டிடுவாரு," என்று பார்னி பாதிரியாரின் காதில் கிசுகிசுத்தான்.

"பல்கலைக்கழகத்தை எடுத்துட்டாலும் வழி தெளியாது, கர்னல்," என்றார் லவினியா. "அதுக்குப் பின்னாடி அதே கோட்டுல பிரஸ்பிட்டேரியன் கோயில். அதுக்கும் பின்னாடி மாவு ஆலை."

"என் ஆலை மனையா?" என்றார் டட்டில். அதுவரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த தலைவர் இப்போது கர்னலைப் பார்த்தார். "கர்னல், ஆலை மேல கை வைக்காதீங்க."

"கோயிலுக்கு எதிர்மனை என் சம்சாரம் பேர்ல இருக்கு," என்றார் கொல்லர் எழுந்து நின்று. "அவ இன்னும் கர்த்தர் பேரைவிட அதைத்தான் அதிகமா சொல்லிட்டிருக்கா."

கர்னல் நெற்றியைத் துடைத்தார். நகரத்தை நிறுவியவர் பலரை இந்த நாடு கண்டிருக்கிறது. ஒரேயொரு படகோட்டியைத் தூக்கிலிடும் பொருட்டுத் தம் நகரத்தைத் தம் வாயாலேயே கட்டடம் கட்டடமாக இடிக்க நேர்ந்தவர் அவர் ஒருவரே. அன்டோனை ஒருமுறை பார்த்தார். பீப்பாய்களின் மீதிருந்த பன்னிரண்டு முகங்களை ஒருமுறை பார்த்தார். ஒரு தட்டில் ஓர் உயிர், மறுதட்டில் ஒரு நகரம். அவர் தயங்கியது அரை நிமிடத்திற்கும் குறைவு. அந்த அரை நிமிடமும் உயிரின் மதிப்பைப் பற்றியதன்று.

நிமிர்ந்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"கனவான்களே, பல்கலைக்கழகம் நிற்கிறது. நான்கு மாடியும் நிற்கின்றன, கோபுரத்தோடு. பிழை என்னுடையது. அதன் கண்ணாடிச் சன்னல்களில் காலைக் கதிரவன் பட்டு, என் கண் கூசி, இல்லாத ஒன்றைக் கண்டதாக மயங்கினேன்."

"அப்ப இவனைப் பாலத்துல பாக்கலையா?" என்றார் டட்டில்.

"பார்த்திருக்க இயலாது. அந்தக் கட்டடம் அவ்வளவு பெரியது."

ஒருவர் கைதட்டினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஜூரிகள் கலந்தாலோசிக்க எழுந்து செல்லவும் இல்லை. எலிசியம் பல்கலைக்கழகத்தின் நான்கு மாடிகள் பார்வையை மறைத்தமையால் அன்டோன் வெசெலி குற்றமற்றவன் எனத் தீர்மானிக்கப்பட்டது. அவ்வாறே பதிவேட்டிலும் எழுதி, டட்டில் சங்கத்தின் முத்திரையைப் பதித்தார்.

பார்னி கத்தியால் அன்டோனின் கட்டை அறுத்தான்.

"என்ன சொன்னாங்க?" என்று அன்டோன் கேட்டான்.

"உன்னை விட்டுட்டாங்கப்பா. உன்னைக் காப்பாத்தினது ஒரு காலேஜு."

"எங்க இருக்கு?"

"உன் ஊர்லதான்."

"நான் பாத்ததே இல்லியே."

"யாருமே பாத்ததில்ல. அதான் அதுக்கு அவ்வளவு பலம். ஏறு, வண்டியில."

லவினியா படிக்கட்டில் இறங்கும்போது ஸ்ட்ரவுட் பின்னால் வந்தார். அவர் கையில் படம் இருந்தது.

"அம்மா, நீங்க காலைல அங்க போயிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க. நம்ம மனைப் பக்கம் பாத்தீங்களா? எப்படி இருக்கு?"

லவினியா தெருவைப் பார்த்தார். அன்டோன் வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டான். மரத்திலிருந்து ஒருவன் கயிற்றை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தான். இனி உண்மையைச் சொன்னாலும் ஓர் உயிர் போகாது.

"கேளுங்க, ஸ்ட்ரவுட். அங்க ஒண்ணுமில்ல. புல்லு இருக்கு, நம்பர் எழுதின குச்சி இருக்கு, ஒரு பலகைக் கொட்டகை இருக்கு. பாலமும் கிடையாது, காலேஜும் கிடையாது. இனி ஒரு மனைகூட வாங்காதீங்க. வாங்கினதுக்குக் கர்னலோட சட்டையைப் பிடிங்க."

ஸ்ட்ரவுட்டின் முகத்திலிருந்த மரியாதை ஒவ்வொரு சொல்லுக்கும் சிறிது சிறிதாகக் கரைந்தது. எஞ்சியது இகழ்ச்சி.

"ஏம்மா, அத்தனை பேர் முன்னாடி ஊசி வெச்சு, என்னையே படிக்க வெச்சு, நாலு மாடின்னு சொல்ல வெச்சது யாரு? பதிவேட்டுல ஏத்தி முத்திரையும் குத்தியாச்சு. இப்ப வெளியில வந்து ஒண்ணுமில்லேங்கறீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்களை மிரட்டி மலிவா வாங்கிப் போடலாம்னு பாக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதா இந்த வித்தையெல்லாம்?"

அவர் திரும்பி இரண்டிரண்டு படியாக மேலே ஏறினார். "கர்னல், கிளம்பிடாதீங்க. வடக்குச் சுவரை ஒட்டின ரெண்டு மனையையும் எனக்கே எழுதிடுங்க," என்ற குரல் மாடியிலிருந்து கேட்டது.

பார்னி வாயைத் திறந்து மூடினான். அவனைப் பொறுத்தவரை அது அரிய நிகழ்வு.

லவினியா வண்டியில் ஏறிக் கடிவாளத்தை எடுத்தார். அன்டோன் சிவந்த மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டே மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தான்.

"அவரு என்ன வாங்குறாரு?"

"உன் ஆத்துக்கு இந்தக் கரையில, மேட்டுக்கு வடக்கே, ரெண்டு மனை," என்றான் பார்னி.

அன்டோன் திகைத்தான். "அந்தப் பள்ளத்திலயா? ஜூன் மாசம் அங்க இடுப்பளவு தண்ணி நிக்குமே. பாவம், யாராச்சும் அவருகிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொல்லியாச்சு," என்றார் லவினியா, குதிரையைத் தட்டியபடி.